தொண்ணூறு ரூபாய் டாலரும் மூன்றரை இலட்சம் சம்பளமும்

சில வாரங்களுக்கு முன் மதுரையில் ஒரு நூல் விமர்சனக் கூட்டம். முடிந்ததும் வாசலில் தேநீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தோம். நான் பெரிதும் மதிக்கும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நல்ல வாசகர், என் மாணவர்களைப் பற்றி விசாரித்துவிட்டுச் சொன்னார்: "டாலர் தொண்ணூறைத் தாண்டிவிட்டதே, உங்கள் கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு இனிக் கொண்டாட்டம்தான்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். விருதுநகரில் இறங்கி, காரியாபட்டிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மல்லாங்கிணற்றுக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்காமல் போயிற்று. கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரட்டும்.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். கணினி அறிவியல் மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் என் பொறுப்பில் வருகிறது. மல்லாங்கிணறு, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். தகப்பன் மானாவாரியில் உளுந்தும் பருத்தியும் போடுவார். மழை ஏமாற்றிய ஆண்டில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார். தாய் தறிக்கோ பட்டாசுக்கோ போவார். இந்தப் பிள்ளைகளின் கைபேசியில் டாலர் விலை பார்க்கும் செயலி இருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டுதான் கவனித்தேன். "எதுக்குப்பா இது?" என்றேன். "வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்கணும்ல சார்" என்றான் ஒருவன். டாலர் ஏறினால் ஐ.டி. நிறுவனத்துக்கு இலாபம், நிறுவனத்துக்கு இலாபமென்றால் தனக்கு வேலை என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் நண்பர் சொன்னதும் இதைத்தான். செய்தித்தாள்களின் வணிகப் பக்கம் இருபது ஆண்டுகளாகச் சொல்வதும் இதைத்தான்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை?

கணக்கு எளியது. மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் டாலரில் வாங்குகிறது. தன் ஊழியர்களில் பெரும்பகுதியினருக்கு ரூபாயில் கொடுக்கிறது. ஒரு மணி நேர வேலைக்கு 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 45 ரூபாயாக இருந்தபோது அது 1,125 ரூபாய்; 90 ஆனபோது 2,250 ரூபாய். வேலை அதே வேலை, ஆள் அதே ஆள். பெருநிறுவனங்களே பல ஆண்டுகளாக ஒப்புக்கொண்ட ஒரு வாய்பாடு உண்டு: ரூபாய் ஒரு விழுக்காடு அசைந்தால் அவர்களது இலாப விகிதம் கால் விழுக்காட்டிலிருந்து அரை விழுக்காடு வரை அசையும். இதுவரை நண்பர் சொன்னது சரி.

இனி மறுபக்கக் கணக்கு. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியியல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்று இலட்சத்துச் சொச்சம் கொடுத்தார்கள். மூன்றேகால் இலட்சம் என்று கொண்டால், அன்றைய 45 ரூபாய் விகிதத்தில் 7,200 டாலர். பதினைந்து ஆண்டுகள் கழித்து 2025இல் அதே நிலைப் பட்டதாரிக்கு அதே நிறுவனங்கள் கொடுத்தது மூன்றரை இலட்சத்தை ஒட்டித்தான். அவ்வாண்டு டிசம்பரில் டாலர் 90ஐக் கடந்தபோது இதன் மதிப்பு 3,900 டாலருக்கும் குறைவு. (இது பொறியியல் படித்தவருக்கு. எங்கள் பி.எஸ்ஸி. மாணவனுக்கு இதனினும் குறைவு.) ஓர் இந்திய இளைஞனின் ஓராண்டு உழைப்பு, டாலர் வைத்திருப்பவருக்கு ஏறத்தாழப் பாதி விலையில் கிடைக்கிறது. இதே காலத்தில் நம் நாட்டுச் சில்லறை விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. ஆக, டாலரில் அளந்தாலும் அரிசி பருப்பில் அளந்தாலும் அவன் சம்பளம் பாதிக்கு வந்துவிட்டது. இதில் எங்கே கொண்டாட்டம்?

"அப்படியானால் முதலாளிகள் கொழுத்திருப்பார்கள்" என்று இடதுசாரி நண்பர்கள் உடனே சொல்வார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மை அதைவிடக் கசப்பானது. இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் செயல்பாட்டு இலாபம் 2010ஐ ஒட்டி வருவாயில் 30 விழுக்காடு அளவில் இருந்தது. 2025இல் 21 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. ரூபாய் பாதியாகச் சரிந்தும் இலாப விகிதம் உயரவில்லை, இறங்கியிருக்கிறது. அப்படியானால் பணம் எங்கே போயிற்று? ஒப்பந்தம் புதுப்பிக்கும் மேசையில் போயிற்று. எதிரே உட்கார்ந்திருக்கும் அமெரிக்க வங்கிக்காரருக்கும் காப்பீட்டுக்காரருக்கும் ரூபாய் விலை தெரியும். 'உங்கள் செலவு குறைந்திருக்கிறதே, எங்களுக்கு விலையைக் குறையுங்கள்' என்கிறார். இவர் மறுத்தால் அடுத்த தெருக்காரர் குறைத்துக் கொடுக்கக் காத்திருக்கிறார். அவரும் மறுத்தால் மணிலாவில் ஒருவர். ரூபாயின் சரிவு நம் பிள்ளைகளின் உழைப்புக்கு நாம் ஒட்டிவைத்த தள்ளுபடிச் சீட்டு. ஆடித் தள்ளுபடியாவது ஒரு மாதத்தில் முடியும்.

இதை நூறாண்டுக்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார். அம்பேத்கரை நாம் சாதி பற்றி மட்டுமே படிக்கிறோம். 1923இல் இலண்டனில் வெளியான அவருடைய 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலைத் தமிழிலக்கிய வட்டாரத்தில் எத்தனை பேர் புரட்டியிருப்போம்? அன்றும் இதே வாதம் இருந்தது: ரூபாய் மலிந்தால் ஏற்றுமதி பெருகும், நாடு செழிக்கும் என்பது. அம்பேத்கர் அதை நிதானமாகப் பிரித்துப் போடுகிறார். நாணயம் மலியும்போது பொருள்களின் விலை முதலில் ஏறுகிறது, கூலி பின்னால் தடுமாறி ஏறுகிறது. இந்த இடைவெளியே ஏற்றுமதியாளர் அடையும் இலாபம். அது நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த செல்வமன்று, உள்ளே ஒரு வகுப்பாரிடமிருந்து இன்னொரு வகுப்பாருக்குக் கைமாறியது. இதுவே அவர் வாதத்தின் சாரம். நான் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்வேன். இன்று அந்தக் கைமாற்றம் உள்நாட்டோடு நிற்கவில்லை; பெரும்பகுதி கடல் தாண்டிப் போகிறது.

கரிசல் பூமிக்கு இது புதிதன்று என்பதைச் சொல்ல வேண்டும். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போன பருத்தி நின்றது. இலங்காஷயர் ஆலைகளின் பசிக்கு இந்தியப் பருத்தி தேவைப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போய்க்கொண்டிருந்த திருநெல்வேலிப் பருத்திக்கும் மவுசு வந்தது. விலை எங்கோ ஏறியது. 1865இல் போர் முடிந்தது, விலை சரிந்தது. பம்பாயில் பங்கு வியாபாரிகள் திவாலானதை வரலாறு விரிவாகப் பேசுகிறது. ஏறின விலையை நம்பிக் கடன் வாங்கிய சம்சாரியைப் பற்றி அவ்வளவு விரிவாகப் பேசவில்லை. பருத்தி இருந்த இடத்தில் இன்று பையன்கள் இருக்கிறார்கள். எங்கோ வாஷிங்டனில் ஒருவர் வாய் திறந்தால் இங்கே விலை மாறுகிறது. 2013 மே மாதத்தில் அமெரிக்க மைய வங்கித் தலைவர் பெர்னான்கி, பணம் பாய்ச்சுவதை மெல்லக் குறைக்கக்கூடும் என்று சொன்ன சொல்லுக்கு, ஆகஸ்ட் 28ஆம் நாள் ரூபாய் 68ஐத் தாண்டி விழுந்தது. 2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் புதிய எச்-1பி விசா விண்ணப்பத்துக்கு இலட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த இரவில், எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் தூங்கவில்லை.

(யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனதை வகுப்பில் எவ்வளவு பெருமிதத்தோடு நடத்துகிறோம்! ரோமாபுரிப் பொன் இந்தியாவுக்குப் போய்த் தொலைகிறதே என்று பிளினி புலம்பியதையும் சேர்த்துச் சொல்வோம். மிளகு பறித்தவனுக்கு அந்தப் பொன்னில் எவ்வளவு கிடைத்தது என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. கேட்டால் எனக்கும் பதில் தெரியாது.)

இப்போது நம் இலக்கிய உலகத்தின்மேல் என் குற்றச்சாட்டு. முதல் குற்றவாளி நானே. 2007 அக்டோபரில் ராம் இயக்கிய 'கற்றது தமிழ்' வந்தது. தமிழ் முதுகலை படித்தவனின் கோபம் ஐ.டி. சம்பளத்தின்மேல் திரும்பிய படம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் சொல்லவே கூசும் தொகுப்பூதியம். திரையரங்கில் நான் விசிலடித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதே அக்டோபரில் டாலர் 39 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 44. ஏற்றுமதியை நம்பியிருந்த திருப்பூரில் ஆயத்த ஆடைக் கூடங்களில் வேலை குறைந்தது, ஆட்களை நிறுத்தினார்கள். மென்பொருள் நிறுவனங்களில் ஊதிய உயர்வைச் சுருக்கினார்கள், வேலை நேரத்தை இழுத்தார்கள்; 2008 தொடக்கத்தில் பெரிய நிறுவனமொன்று மாறும் ஊதியத்தில் கைவைத்தது. நான் விசிலடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் எவன்மேல் பொறாமைப்பட்டேனோ அவன் சம்பளச்சீட்டைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். இருவருக்கும் இடையில் நின்ற மூன்றாம் ஆளை நான் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகும் பார்த்தோமா? இரா. முருகனின் 'மூன்று விரல்', விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' போன்ற சில நாவல்கள் அந்த உலகத்துக்குள் போயின. மற்றபடி நம் சிறுகதைகளில் ஐ.டி. ஊழியன் என்றால் குடிப்பவன், கூடாவொழுக்கம் உடையவன், வீட்டு வாடகையை ஏற்றிவிட்டவன். ஒழுக்கத்தை விசாரிக்கும் நம் எழுத்தாளர்கள் பொருளாதாரத்தை விசாரிப்பதில்லை. கரிசல் எழுத்தாளர்கள் இப்படி இருந்ததில்லை. கி.ரா.வின் சம்சாரிக்கும் பூமணியின் மாந்தர்களுக்கும் பருத்தி விலையும் வத்தல் விலையும் வாழ்வின் பகுதி. அந்த மரபில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாம் அவர்களுடைய பேரன்களின் விலையைப் பற்றி எழுதக் கூச்சப்படுகிறோம். 1991 என்றவுடன் நமக்கு 'கோபல்லபுரத்து மக்க'ளுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்த ஆண்டு என்று நினைவு வரும். அதே ஆண்டு ஜூலை 1, 3 ஆகிய இரண்டு நாள்களில் இரண்டு வெட்டாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாயாக இருந்த டாலர் 26ஐ நெருங்கியது. அம்மாதமே ரிசர்வ் வங்கியின் தங்கம் ஏறத்தாழ 47 டன் விமானமேறி இலண்டனுக்கு அடகு போயிற்று. இன்றைய மென்பொருள் ஏற்றுமதி முழுதும் அந்த ஜூலைக்குப் பிறகான உலகத்தின் பிள்ளை. நம் இலக்கிய வரலாற்றில் அந்த ஜூலைக்கு ஒரு வரிகூட இல்லை.

ரூபாய் வலுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013இல் ரூபாயின் சரிவைத் தேசத்தின் மானக்கேடு என்று மேடைதோறும் முழங்கியவர்கள், 80ஐத் தாண்டியபோதும் 90ஐத் தாண்டியபோதும் என்ன சொன்னார்கள் என்பதை நாடு கேட்டது. எனக்கு நாணயத்தின் மானத்தில் அக்கறை இல்லை. நம் விலைவாசி அமெரிக்க விலைவாசியைவிட வேகமாக ஏறும்வரை ரூபாய் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இயல்பு என்று பொருளியலார் சொல்வதை ஏற்கிறேன். 2007 காட்டியது என்னவென்றால், ரூபாய் ஏறினாலும் அடி ஊழியனுக்கே. ஏறும்போது 'ரூபாய் ஏறிவிட்டது, உயர்வு இல்லை'. இறங்கும்போது 'வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்கிறார், உயர்வு இல்லை'. தராசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எடைக்கல் ஒருவன் தலையில்தான் விழுகிறது என்றால் கோளாறு தராசில் இருக்கிறது.

நாணய ஏற்றத்தாழ்விலிருந்து காத்துக்கொள்ள நிறுவனங்கள் முன்பேர ஒப்பந்தம் செய்துகொள்ளும். அதுவும் எப்போதும் காப்பதில்லை. 2007இல் ரூபாய் இன்னும் ஏறும் என்று நம்பி 40 ரூபாயை ஒட்டி டாலரை முன்கூட்டியே விற்றுவைத்தவர்கள், 2008 இறுதியில் டாலர் 50ஐத் தொட்டபோது கையைச் சுட்டுக்கொண்டார்கள். திருப்பூர், கோவை வட்டாரத்தில் சில ஏற்றுமதியாளர்கள் வங்கிகள் விற்ற சிக்கலான நாணய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு, சுவிஸ் பிராங்கும் யென்னும் எப்படிப் போகும் என்று பந்தயம் கட்டியவர்போல ஆனார்கள். வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போயின. ஆலை அதிபர்களுக்கே விளங்காத ஒன்றை எங்கள் ஊர்ப் பையன் கைபேசிச் செயலியில் பார்த்து விளங்கிக்கொள்வான் என்பது வேடிக்கை.

வீட்டுப் பக்கக் கணக்கையும் நண்பருக்குச் சொல்லியாக வேண்டும். விருதுநகர் பருப்புச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரை எனக்குத் தெரியும். "டாலர் ஏறிருச்சு சார், பர்மா உளுந்து ஏறும், பாமாயிலும் ஏறும்" என்பார், வானிலை அறிவிப்பது போல. அப்படியானால் உள்ளூரில் உளுந்து போட்ட சம்சாரிக்காவது நல்ல விலை கிடைக்க வேண்டுமே? இறக்குமதிச் சரக்கு விலை கூடினால் அவன் சரக்குக்கு மதிப்புக் கூட வேண்டுமே? அதற்கும் வழி அடைத்தாயிற்று. 2021 மே மாதத்தில் துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். பிறகு மேலும் மேலும் நீட்டித்தார்கள். நகரத்து இட்லி விலை ஏறக்கூடாது என்பதில் எல்லா அரசுகளுக்கும் அக்கறை. அவன் வயலுக்குப் போடும் டி.ஏ.பி. உரமும் டிராக்டருக்கு ஊற்றும் டீசலும் கடல் கடந்து டாலரில் வருபவை. மகளுக்குப் போடும் நகையோ, உலகச் சந்தையின் விலையேற்றமும் ரூபாயின் சரிவும் சேர்ந்து 2025 செப்டம்பரில் சவரன் எண்பதாயிரத்தைத் தாண்டியது. மகன் டாலருக்குப் பாதி விலையில் உழைக்கிறான். தகப்பன் டாலருக்கு முழு விலை கொடுத்து வாங்குகிறான்.

2023இல் தமிழ்நாட்டின் நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற தங்கம் தென்னரசு எங்கள் மல்லாங்கிணற்றுக்காரர் என்பதில் ஊருக்குப் பெருமை உண்டு. ஆனால் மாற்று விகிதம் எந்த மாநில நிதியமைச்சரின் மேசைக்கும் வருவதில்லை. அது மும்பை ரிசர்வ் வங்கியின் மேசை, அதையும் தாண்டி நியூயார்க்கின் மேசை. மாநிலத்தால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், அதற்குச் சட்டத்தில் தடையில்லை என்று 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. அதை எங்கள் கல்லூரியில் எந்த வேலைவாய்ப்பு அலுவலரும் மாணவர்களிடம் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் நிறுவனங்கள் வளாகத்துக்கு வரமாட்டா என்ற பயம். நேர்முகத் தேர்வு நாளில் நுழைவாயிலில் கட்டும் பதாகையில் தேர்வானோர் எண்ணிக்கை இருக்கும், சம்பளம் இருக்காது. சென்ற ஆண்டு ஆசிரியர் கூட்டத்தில் சம்பளத்தையும், பத்தாண்டுக்கு முன்பிருந்த சம்பளத்தையும் பக்கத்தில் போடலாமே என்றேன். தமிழ் ஐயாவுக்கு எதற்கு இந்த வேலை என்ற பார்வைதான் பதிலாகக் கிடைத்தது.

என் மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம்; நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர். 2022இல் பணி ஆணை கையில் கிடைத்தது. ஊரே கோவிலில் பொங்கல் வைத்தது. சேரும் தேதி மட்டும் வரவில்லை. பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் அவன் தன் சித்தப்பாவோடு கரிமூட்டத்துக்குப் போனான். அந்த 2022இல்தான் டாலர் 80ஐத் தாண்டியது. நண்பரின் வாய்பாட்டின்படி அவனை ஓடிவந்து அழைத்துப் போயிருக்க வேண்டும். அமெரிக்காவில் வட்டி ஏறியது, வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள், ஆள் தேவைப்படவில்லை. டாலர் ஏறியதும் அவனுக்கு வேலை தாமதமானதும் ஒரே காரணத்தால் நிகழ்ந்தவை. அமெரிக்க வட்டி ஏறினால் டாலர் வலுக்கும்; அதே வட்டியால் அங்கே புதிய திட்டங்கள் நிற்கும். நண்பர் வங்கியில் முப்பது ஆண்டு இருந்தவர், இது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

ஒருவழியாகச் சேர்ந்தான். சோழிங்கநல்லூரில் ஐந்து பேரோடு ஓர் அறை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த மறுநாள் எனக்குத் தொலைபேசினான். அவன் இருப்பது வேறு நிறுவனம். ஆனாலும் குரல் சரியாக இல்லை. தேறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்று, டாலர் ஏறிக்கொண்டிருக்கிறதே, உங்கள் துறைக்கு அது நல்லதுதானே என்றேன். ஆம், நானும் அதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், இந்த வருசம் எனக்கு இன்க்ரிமென்ட் ரெண்டு பெர்சென்ட். டாலர் ஏறுனது என் சம்பளத்துக்கு வந்து சேரல சார், ரூம் வாடகைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கு" என்றான்.

அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டக் கூட்டம் விருதுநகரில். அவன் விடுப்பில் ஊருக்கு வருகிறான், அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறான். கொண்டாட்டம் எப்படிப் போகிறது என்று நண்பர் அவனிடமே கேட்டுக்கொள்ளலாம்.